கொத்தோனுவில் முதலில் வணக்கம், அப்புறம்தான் வேலை

கேள்வி கேட்டவர் பண்ருட்டிப் பக்கத்துக்காரர், வயது 26, முந்திரி ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில், கொத்தோனு நகருக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். சாப்பாடு கிடைக்குமா, ஊர் பாதுகாப்பானதா, மொழி தெரியாமல் சமாளிக்கலாமா, அங்குள்ளவர்கள் நம்மை எப்படி நடத்துவார்கள் என்று கேட்டிருக்கிறார். கடைசியில், "அம்மா ரொம்பப் பயப்படுகிறார்" என்று ஒரு வரி. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: அந்த ஊரில் நாலு பேரோடு பழகி வாழ முடியுமா, இல்லை இரண்டு வருடமும் ஒரு காம்பவுண்டுக்குள் நாளை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டுமா? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 2011 முதல் 2020 வரை கொத்தோனுவில் இருந்தேன். அங்கிருந்து முந்திரிக்கொட்டையைத் தூத்துக்குடிக்கு ஏற்றி அனுப்பும் வியாபாரத்தில் கட்டிங் டெஸ்ட் பார்ப்பது என் வேலை. ஒரு கிலோ கொட்டையை வெட்டி, நல்ல பருப்பை நிறுத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று சொல்ல வேண்டும். சீசனில் பரகு, சவலு என்று உள்நாட்டுக் கொள்முதல் இடங்களுக்கும் போவேன். மற்ற மாதங்கள் முழுக்க நகரத்தில்தான். ஆனால் நான் பார்த்த தொழில் இப்போது இல்லை. 2024 ஏப்ரல் 1 முதல் பெனின் அரசு உடைக்காத கொட்டையை ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. உடைக்கிற வேலை எல்லாம் இப்போது அங்கேயே, முக்கியமாக நகரத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குளோ-ஜிக்பே தொழிற்பேட்டையில் நடக்கிறது. உங்களுக்கு வேலை வந்திருப்பதும் அதனால்தான் இருக்கும். அந்த ஆலைக்குள் உள்ள வாழ்க்கை நான் வாழாதது. நகரத்தைப் பற்றி மட்டும் என் சொல்லை நம்பலாம். இன்னொன்று, நான் ஆண். ஒரு பெண் தனியாக அங்கே இருந்தால் எப்படி என்பதை அங்கே இருந்த பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் ஒரு தாளில் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த பிரெஞ்சு வாக்கியத்தை, கவுண்டரில் இருந்த அம்மாவிடம் நேராகப் போய் ஒப்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "முதலில் போன்ஜூர்" என்றார். குரலில் கோபமில்லை, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற தொனி. நான் போன்ஜூர் சொன்னேன். அவர் நலம் விசாரித்தார், நானும் விசாரித்தேன். அப்புறம்தான் தாளைக் கையில் வாங்கினார். இரண்டு நிமிடத்தில் முத்திரை விழுந்தது. ஒன்பது வருடத்தில் அந்த ஊரைப் பற்றி நான் கற்றதில் பெரியது அந்த இரண்டு வார்த்தைதான். கொத்தோனுவில் வணக்கம் சொல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்காது. கடைக்காரர், காவலாளி, போலீஸ்காரர், அமைச்சக அதிகாரி யாரானாலும் அதே வழக்கம்தான். சொல்லாமல் தொடங்கினால் மரியாதை தெரியாதவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அதன் பிறகு எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும்.

வணக்கத்தில்தான் எத்தனை வகை! காலையில் போன்ஜூர், மதியம் 12 மணி தாண்டினாலே போன்ஸ்வார். எங்காவது போய்விட்டு வந்தால், அது பக்கத்துக் கடையாக இருந்தாலும், 'போன் அரிவே', அதாவது நல்வரவு. தடுக்கி விழப் போனால் தெருவில் முகம் தெரியாதவர்கூட 'தூஸ்மான்' என்பார். மெதுவாக என்று பொருள். நம் ஊரில் "பாத்து, பாத்து" என்று பதறுவோமே, அதே பதற்றம்தான் அதில் இருக்கும். அரசு மொழி பிரெஞ்சு. ஆனால் தெருவில் அதிகம் கேட்பது ஃபோன் என்ற மொழி. அதில் காலை வணக்கமே "ஆ ஃபோன் கான்ஜி ஆ?" என்ற கேள்விதான்: நன்றாக எழுந்தீர்களா? வயதில் மூத்த ஆணை 'ஃபோஃபோ' என்றும் மூத்த பெண்ணை 'தாதா' என்றும் அழைப்பார்கள், அண்ணன், அக்கா என்கிற மாதிரி. இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். அதனால் மொழியைப் பற்றிய பயத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஆலைக்குள் ஓட்டிவிடலாம், வெளியே ஓட்ட முடியாது. போவதற்கு முன் இரண்டு மாதம் பிரெஞ்சு படியுங்கள். போன பிறகு ஃபோன் மொழியில் ஒரு இருபது சொல் பழகிக்கொண்டால் போதும், மற்றதை அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

அங்குள்ளவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் "யோவோ, யோவோ, போன்ஸ்வார்" என்று ராகம் போட்டுப் பாடுவார்கள். யோவோ என்றால் வெள்ளைக்காரர், வெளிநாட்டுக்காரர். நம் நிறத்தை வைத்துக்கொண்டு நம்மையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அதில் இழிவு இல்லை, பதிலுக்குக் கை அசைத்தால் போதும். சந்தையில் யோவோ விலை என்று ஒன்று உண்டு, அது உண்மை. ஆனால் ஒரே கடையில் மூன்று தடவை வாங்கினால் விலை இறங்கிவிடும், கேட்டால் கொசுறும் கிடைக்கும். நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது வேறு. அவர்கள் நம்மை நடத்துவதை விட, நம்மவர்கள் சிலர் அவர்களை நடத்தும் விதம்தான் மோசம். கம்பெனி விடுதியில் இருந்துகொண்டு, சமையல்காரரையும் டிரைவரையும் ஒருமையில் அதட்டிக்கொண்டு, "இவங்களை நம்பக் கூடாது" என்று புதிதாக வருகிறவருக்குப் பாடம் நடத்துகிற இந்தியர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். அவர்கள் பத்து வருடம் இருந்தும் அந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் போயிருக்க மாட்டார்கள். தயவுசெய்து அந்தப் பாடத்தைக் கேட்காதீர்கள். வெட்டு மேசையில் உங்களோடு உட்காரப் போகிற பெண்களுக்கும் உங்கள் அம்மா வயது இருக்கும்.

சரி, தெருவுக்கு வருவோம். நகரத்தில் போக்குவரத்து என்றால் மோட்டார் சைக்கிள் டாக்சி. ஸெமிஜான் என்று பெயர், ஃபோன் மொழியில் 'சீக்கிரம் கொண்டு போ' என்று பொருள். எல்லாரும் ஸெம் என்று சுருக்கிவிடுவார்கள். என் காலத்தில் ஓட்டுபவர்கள் எண் போட்ட மஞ்சள் சட்டை போட்டிருப்பார்கள். ஏறுவதற்கு முன் வாடகை பேசிவிட வேண்டும், சில்லறை கையில் இருக்க வேண்டும். பணம் சேஃபா பிராங்க், ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டிப்போட்ட மதிப்பு. 10,000 நோட்டை நீட்டினால் பாதி ஊருக்குச் சில்லறை இருக்காது. அதனால் காசு, 500 நோட்டு என்று எப்போதும் சேர்த்து வைத்திருப்பது அங்கே ஒரு ஒழுக்கமாகவே ஆகிவிடும். முகவரிக்குத் தெருப் பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. "அந்த மருந்துக்கடை தாண்டி இரண்டாவது வோன்" என்பார்கள். வோன் என்றால் பெரிய சாலையிலிருந்து உள்ளே பிரியும் மணல் தெரு. மழைக்காலம் இரண்டு. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பெரியது, செப்டம்பர் பிற்பாதியிலிருந்து நவம்பர் வரை சின்னது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நொக்குவே ஏரி, நடுவில் மணல் திட்டில் உட்கார்ந்த ஊர் என்பதால் பெரிய மழையில் வோன்கள் குளமாகிவிடும். வீடு பார்க்கும்போது ஜூன் மாதத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஹர்மத்தான் என்ற வறண்ட காற்று சகாராவின் தூசியைக் கொண்டுவரும், உதடு வெடிக்கும்.

சாலையோரத்தில் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் மஞ்சளாக ஏதோ நிரப்பி வைத்திருப்பதைப் பார்த்து, முதல் நாள் நான் எண்ணெய் என்று நினைத்தேன். அது பெட்ரோல். நைஜீரிய எல்லையைத் தாண்டி வரும் கள்ளப் பெட்ரோலுக்குக் க்பாயோ என்று பெயர். 2023 மே மாதம் நைஜீரியா எரிபொருள் மானியத்தை நிறுத்திய பிறகு அதன் விலை ஏறிவிட்டது. அந்த வருடம் செப்டம்பரில் எல்லை அருகே செமே-போட்ஜியில் இப்படி ஒரு பெட்ரோல் கிடங்கு தீப்பிடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வண்டி வாங்கினால் முறையான பங்கில் போடுங்கள், அந்தக் கடைகளின் அருகே நிற்காதீர்கள். ஆனால் அதை விற்கிற பெண்ணைத் திருடர் கூட்டம் என்று பேச எனக்கு மனம் வராது. பல குடும்பங்களில் பள்ளிக் கட்டணம் அந்தக் குடுவையிலிருந்துதான் வந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பெனின் இந்தியப் புழுங்கல் அரிசியை ஏராளமாக இறக்குமதி செய்கிற நாடு. காக்கிநாடாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போகிறது. பருப்பும் மசாலாவும் இந்தியக் கடைகளில் கிடைக்கும், விலைதான் கூட. முருங்கை மரம் அங்கே தாராளம். ஆனால் அரிசிக்குள்ளேயே அடைந்துவிடாதீர்கள். காலையில் தெருமுனையில் காராமணியை ஊறவைத்து அரைத்து எண்ணெயில் போட்டு எடுப்பார்கள், 'அத்தா' என்று பெயர். முதல் வாயிலேயே வடை ஞாபகம் வரும். அதோடு சோளக் கஞ்சி. மக்காச்சோள மாவைக் கிளறிய களிதான் அன்றாடச் சோறு. தக்காளியும் செம்பனை எண்ணெயும் சேர்த்துக் கிளறினால் அது அமிவோ, கோழியோடு சாப்பிட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது வகாசி. ஃபுலானி இனப் பெண்கள் மாட்டுப் பாலில் செய்யும் பாலாடைக்கட்டி அது. பாலைத் திரிக்க எருக்கஞ்செடியின் சாறு விடுகிறார்கள். எருக்கம்பாலைக் கண்ணில் படாமல் விலக்கி வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது, ஆனால் தலைமுறை தலைமுறையாக அளவறிந்து செய்கிறார்கள், நானும் ஒன்பது வருடம் சாப்பிட்டேன். எண்ணெயில் பொரித்தால் பன்னீர் மாதிரி இருக்கும். நீங்கள் சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: கீரைக் குழம்பு, பயறு என்று சொன்னாலும் உள்ளே கருவாட்டுத் தூளோ உலர் இறாலோ இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சம்பளம் கையில் வந்ததும் பக்கத்தில் ஒருவர் சின்ன அட்டையோடு வந்து நிற்பார். அது தோந்தீன், நம் சீட்டுக்கு உறவு. சந்தைப் பெண்கள் தினம் ஒரு தொகையைக் கட்டுவார்கள், அட்டையில் 31 கட்டம், மாத முடிவில் பணம் திரும்ப வரும், ஒரு நாள் தொகை வசூலிப்பவருக்குக் கூலி. தான்தொக்பா என்ற நகரத்துப் பெரிய சந்தையின் வியாபாரம் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். அவர்களின் நாணயத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் மொழி பழகும் வரை அட்டை வாங்காதீர்கள், பணத்தோடு ஓடியவர்களும் உண்டு.

மாந்திரீகம், பில்லி சூனியம் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். பெனின் வோதுன் சமயத்தின் தாய்நாடு, ஜனவரி மாதத்தில் அதற்கு அரசு விடுமுறை. பழைய வீடுகளின் வாசலில் மண் மேடாக லெக்பா உட்கார்ந்திருப்பார், செம்பனை எண்ணெய் வழிந்து கறுத்திருக்கும். ஊர் எல்லையில் சுடலைமாடனைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் பயப்பட என்ன இருக்கிறது? காவல் தெய்வம், அவ்வளவுதான். நான் நம்பவே முடியாமல் நின்ற இடம் ஒன்று உண்டு. மாமி வாத்தா என்ற நீர்த் தெய்வத்தின் கோயில் சுவரில் நம் காலண்டர் சாமி படங்களைப் பார்த்து வரைந்த ஓவியங்கள் இருந்தன. இந்திய அச்சுப் படங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தக் கடற்கரைக்கு வந்து, கடலுக்கு அப்பாலிருந்து வந்த தெய்வங்கள் என்று அவர்களுடைய வழிபாட்டில் கலந்துவிட்டன. மூன்று தலை தத்தாத்ரேயரை அவர்கள் தென்சு என்ற தங்கள் தெய்வமாகவே பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு காட்சி: வெள்ளை அங்கி போட்டு வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். 1947-இல் பக்கத்து ஊரான போர்ட்டோ நோவோவில் தொடங்கிய செலஸ்தியல் திருச்சபையினர் அவர்கள். எங்கேயும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வீதா என்ற கடற்கரை ஊருக்கு ஒரு நாள் கட்டாயம் போய் வாருங்கள், 40 கிலோமீட்டர்தான். அந்தக் கடற்கரையிலிருந்து பத்து லட்சம் பேர் அளவுக்கு அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டிருக்கிறார்கள். அங்கே போய் வந்த பிறகு தொழிலாளியிடம் பேசும் குரல் தானாக மாறும்.

பாதுகாப்பு. திருடனை விட மூன்று விஷயங்களுக்கு நான் அதிகம் பயந்தேன்: மலேரியா, ஸெம் விபத்து, கடல். கடல் பார்க்க அழகு, உள்ளிழுப்பு கடுமை. ஃபிஜ்ரொஸே கரையில் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே கரைவலை இழுப்பார்கள், தூத்துக்குடிக்காரனான எனக்கு அதைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் நீந்துகிற கடல் இல்லை அது. இரவில் கரைப் பக்கம் தனியாகப் போகக் கூடாது, வழிப்பறி உண்டு. நகரத்தில் மற்றபடி பகலில் நான் பயந்து நடந்ததில்லை. நாட்டின் வடக்கு எல்லை வேறு கதை. 2021 முதல் அங்கே ஆயுதக் குழுக்களின் தாக்குதல் நடக்கிறது. கொள்முதல் என்று சொல்லி அந்தப் பக்கம் அனுப்பினால் நன்றாக விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மலேரியாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அங்கே அதைப் பாலு என்று சளி காய்ச்சல் மாதிரி சாதாரணமாகப் பேசுவார்கள். அங்குள்ள பெரியவர்கள் சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து ஓரளவு எதிர்ப்பு சேர்த்தவர்கள். நமக்கு அது கிடையாது. அங்கே பெரும்பாலும் வருவது பால்சிபாரம் வகை, கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மூளைக்கு ஏறி ஆளைக் கொல்லும். கொசுவலைக்குள் தூங்குங்கள், காய்ச்சல் அடித்த அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தடுப்பு மாத்திரை எது, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். அதைவிட முக்கியம்: விடுமுறைக்கு ஊருக்கு வந்தபின் காய்ச்சல் வந்தால், வாய் திறந்ததும் முதல் வாக்கியமாக "நான் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல், டெங்கு என்று இரண்டு நாள் போய்விடும். என்னோடு வேலை பார்த்த ஒருவரை அப்படித்தான் இழந்தோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், திரும்பி வரும்போது அது இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள்.

பழகி வாழ முடியுமா என்பதற்கு இப்போது வருகிறேன். 2016-இல் என் அப்பா தூத்துக்குடியில் இறந்தார். இரவில் செய்தி வந்தது. எப்படிப் புறப்பட்டாலும் எடுப்பதற்குள் வந்து சேர முடியாது. கொத்தோனுவின் அக்பக்பா பகுதியில் நான் குடியிருந்த தெருவில் காலையில் காவலாளி ஃபோஃபோவிடம் மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. நிலக்கடலை விற்கும் அம்மா, எதிர்வீட்டுத் தையல்காரர், எப்போதும் என்னை ஏற்றிப் போகும் ஸெம்காரர் என்று வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. இன்றைக்கே எரித்துவிடுவார்கள் என்று நான் சொன்னபோது அந்த அம்மா, "ஏன் இத்தனை அவசரம், அவர் என்ன தப்புச் செய்தார்?" என்று கேட்டுக் கண்ணீர் விட்டார். அங்கே உடலை வாரக்கணக்கில் பாதுகாத்து வைத்து, உறவெல்லாம் ஒரே துணியில் உடை தைத்துப் போட்டு, பெரிய விருந்தோடு அடக்கம் செய்வார்கள். கடன் வாங்கியும் செய்வார்கள், அது சரியா என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. அன்றைக்கு எனக்காக அவர்கள் சாயங்காலம் வரை நாற்காலியை எடுக்கவில்லை. கிளம்பும்போது ஒரு உறையைக் கையில் கொடுத்தார்கள். எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அப்பா பெயரில் தெருப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். அவர்களுக்கு நான் செய்திருந்தது என்ன? அஞ்சு வருடமாகத் தினம் காலையில் நின்று, நன்றாக எழுந்தீர்களா என்று கேட்டிருந்தேன்.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. தொழிற்பேட்டை விடுதியில் இருந்தால் தெரு என்பதே இல்லாமல் போகலாம். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நான்கைக் கேளுங்கள்: வாரத்தில் எந்த நாள் விடுமுறை, நகரத்துக்கு வண்டி உண்டா, நோய் வந்தால் எந்த மருத்துவமனை, செலவு யாருடையது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையை விடுதியில் கழிக்காதீர்கள்.

அம்மாவிடம் நேரத்தைச் சொல்லி வையுங்கள். அந்த ஊர் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 4 மணிக்கு ஆலையிலிருந்து வெளியே வந்து கூப்பிட்டால் இங்கே இரவு எட்டரை, அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். முதல் மாதம் தினம் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். பின்னாலிருந்து யாராவது "போன் அரிவே" என்று சொல்வது போனில் அவர் காதில் விழட்டும்.